கிடுகு வேலியை இணையம் வரையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பொங்கல் சிறப்பு மலரில் ஒரு கவிதை வந்திருந்தது. கவிதைக்கு மேலே ஒரு படம். தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு (ஓட்டை), அந்தப் பொட்டுக்குள்ளால் நுழையப் பார்க்கிற ஒரு பேட்டுக்கோழி. படத்தின் கீழே சின்ன எழுத்தில் 'படம்: இணையம்' என்று போட்டிருந்தீர்கள். அந்த வேலியை இணையம் வரையவில்லை ஐயா, நான்தான் வரைந்தேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், எங்கள் வீட்டு முன் விறாந்தையில், முந்தின வருடத்து மாரி முடிகிற நேரம், 9 நாள் குந்தியிருந்து வரைந்தது. வலது பக்கக் கீழ் மூலையில் என் கையெழுத்தும் இருந்தது. பக்கத்தில் இடம் காணாமல் யாரோ வெட்டியிருக்கிறார்கள், கையெழுத்தோடு கோழியின் வாலும் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பிள்ளை, இது நீ கீறினதெல்லே, பேப்பரிலை வந்திட்டுது!" அவருக்கு அவ்வளவு சந்தோசம். பேர் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். "இணையம் எண்டு போட்டிருக்கு, அது ஆர்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. உங்கள் பத்திரிகை மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது. போன வருடம் ஒரு கடைக் கலண்டரில் நான் கீறிய பனங்கூடல் வந்தது, அதற்கு முந்தி ஒரு கலியாண வீட்டு வரவேற்புப் பதாகையில் நான் கீறிய கோயில் தேர்முட்டி நின்றது, நானும் அந்தக் கலியாணத்துக்குப் போய் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தேன், சொன்னால் வெட்கம். ஆனால் பத்திரிகை என்பது வேறு. ஊர் முழுக்க வாசிக்கிற இடத்தில் பெயர் இல்லாமல் ஒரு படம் வந்தால், படங்கள் பெயர் இல்லாமல்தான் கிடக்கும் என்று ஊரும் நினைத்துக்கொள்ளும். அதனால்தான் ஓவியம் கீறிச் சீவிக்கிற ஒருத்தி தன் படத்தை எப்படி விற்கிறாள், எப்படிப் பகிர்கிறாள் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் வெட்டுங்கள், ஆனால் மூலையைப் பார்த்து வெட்டுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் இணையத்தில் போடாமல் விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விட ஏலாது. எனக்குக் கடை இல்லை, கலரி இல்லை, கொழும்பில் ஆள் இல்லை. என் படத்தை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் முதலில் அதைப் போனில்தான் பார்த்தவர்கள். அதைவிட இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது எனக்கு 13 வயது. இரண்டு சித்திரக் கொப்பிகளை மேசையில் விட்டுவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோது மேசை என்ன, கூரையே இல்லை. என் கொப்பியை விடுங்கள், அது சின்னப்பிள்ளைக் கிறுக்கல். குருநகரில் பிறந்து, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தில் எத்தனையோ பேருக்குக் கீறக் கற்றுக்கொடுத்த மாற்கு மாஸ்ரருடைய படங்கள் எத்தனை இடப்பெயர்வுகளில் தொலைந்தன என்பதை இங்கே ஓவியத்தோடு பழகிய எல்லாரும் அறிவார்கள். யாராவது அந்தப் படங்களை ஒழுங்காகப் படம் பிடித்து நாலு பேரிடம் கொடுத்து வைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு. இந்த ஊரில் கன்வஸை நம்பி இருக்கக் கூடாது. கறையான் தின்னும், உப்புக்காற்று தின்னும், இல்லாவிட்டால் ஆமிக்காரன் வருகிறான் என்று விட்டுவிட்டு ஓட வேண்டி வரும். ஆகவே கீறி முடித்த மறுநாளே ஃபோட்டோ எடுத்து நாலு இடத்தில் போட்டுவிடுகிறேன்.

ஃபோட்டோ எடுப்பதும் ஒரு வேலைதான். காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், வெயில் நேரே விழாத விறாந்தைச் சுவரில் படத்தை நேராகச் சாத்தி, போனையும் அதே நேருக்குப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் வேலி கோணும். பத்து மணிக்குப் பிறகு எடுத்தால் முற்றத்து மண்ணின் சிவப்பு ஏறி வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். இணையத்துக்குச் சின்ன அளவைத்தான் போடுகிறேன், போனில் பார்க்க அது போதும், பெரிதாக்கி அச்சடித்தால் உடைந்து தெரியும். உங்கள் மலரில் கிடுகெல்லாம் பல்லுப் பல்லாகத் தெரிந்தது அதனால்தான். ஒரு வட்ஸ்அப் செய்தி எழுதிக் கேட்டிருந்தால் பெரிய ஃபைலையே அனுப்பியிருப்பேன். நிறமும் சரியாக வந்திருக்கும்.

நிறம் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கிடுகு மண்ணிறம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். புதிதாகப் பின்னிய கிடுகு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு மாரி கண்ட கிடுகைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அது சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் ஒரு நீலம் இருக்கும், ஓலை மடிகிற இடத்தில் மட்டும் பழைய மண்ணிறம் ஒளித்துக்கொண்டிருக்கும். பேர்ண்ட் அம்பர் என்கிற மண்ணிறத்தையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து, வெள்ளையைத் துளித்துளியாகச் சேர்த்து அந்தச் சாம்பலைப் பிடிக்கவே எனக்கு முதல் மூன்று நாள் போனது. உங்கள் அச்சில் அது செங்கல் நிறமாக வந்திருக்கிறது. பேர் இல்லாததைவிட அதுதான் எனக்கு முதலில் சுட்டது, உண்மையைச் சொன்னால்.

சரி, விற்பனைக்கு வருவோம்.

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்றுதான் எழுதினேன். வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். பிறகுதான் விளங்கியது, எங்கள் ஆட்கள் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள். கேட்டுவிட்டு வாங்காமல் விட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள், அதனால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இப்போது படத்தோடு சேர்த்து விலையையும் எழுதிவிடுகிறேன். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு 'வடிவாயிருக்கு' என்பவர்கள் குறைந்தார்கள், வாங்குகிறவர்கள் கூடினார்கள். அந்தப் பேரம் எனக்குப் பரவாயில்லை.

விலையை நான் மனம் போன போக்கில் போடுவதில்லை. சதுர அங்குலக் கணக்கு. 18க்கு 24 அங்குலப் படம் என்றால் 432 சதுர அங்குலம், ஒன்றுக்கு 60 ரூபா வைத்தால் 25,920. ஃபிறேம் வேறு. எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்கு, தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே கணக்கு, லண்டனுக்கும் லெவல் குறோசிங் ஒழுங்கைக்கும் ஒரே கணக்கு. 2022 இல் ரூபா விழுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது. பெயின்றும் கன்வஸும் வெளியிலிருந்து வருகிற சாமான், வெள்ளை ரியூப் ஒன்று வாங்கவே யோசிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் இந்தக் கணக்கைப் பிடித்தேன். அதற்கு முதல் ஆளின் முகத்தைப் பார்த்து விலை சொல்வேன், இரவு நித்திரை வராது.

கனடாவிலிருந்து வந்த ஒரு அண்ணை வீட்டுக்கு வந்து படம் பார்த்தார். நல்ல மனிசன், கொண்டுவந்த சொக்லேட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஃபிறேமுக்கு 6,500 என்றேன், ஒரு சொல் பேசாமல் தலையாட்டினார். படத்துக்கு 25,920 என்றதும், "தங்கச்சி, ஒரு கிழமை வேலைதானே, பாத்துச் சொல்லுங்கோ" என்றார். ஃபிறேம் செய்கிறவரிடம் ஒரு நாள் வேலைதானே என்று கேட்டீர்களா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் வாங்கினார், குறைக்கவில்லை. இந்த வருடம் திரும்ப வந்தபோது இன்னொன்று கேட்டார், விலை பேசவே இல்லை.

அதே நேரம் இங்கே ஒரு ரீச்சர், சம்பளத்தில் நாலு மாதமாகக் கட்டி ஒரு படம் எடுத்தார். ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி என்வலப்போடு வருவார், படத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். நாலாம் மாதம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது மடியில் பிள்ளை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார். ஓவியம் பணக்காரர் வாங்குகிற சாமான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஓட்டோதான் ஞாபகம் வரும்.

ஒரு பிழை நானும் விட்டிருக்கிறேன், அதையும் சொல்லவேண்டும். ஒரிஜினல் வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கொழும்பில் நல்ல தாளில் அச்சுப் பிரதி எடுத்து விற்கிறேன். ஒரு படத்துக்கு 20 பிரதி மட்டும், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/20, 2/20 என்று இலக்கம் போட்டுக் கையெழுத்து. முதல் தரம் செய்தபோது ஒரிஜினலை வாங்கியவரிடம் பிரதி எடுத்திருக்கிறேன் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஒரு வீட்டுக்குப் போன இடத்தில் தன் வீட்டு ஹோலில் தொங்குகிற படம் அங்கேயும் தொங்குகிறதைப் பார்த்துவிட்டு, நான் ஒன்றையே இரண்டு பேருக்கு விற்றுவிட்டேன் என்று நினைத்து விட்டார். அவரிடம் போய் பென்சில் இலக்கத்தைக் காட்டி விளக்கி மன்னிப்புக் கேட்டேன். இப்போது விற்கிற ஒவ்வொரு படத்தோடும் ஒரு துண்டு கொடுக்கிறேன். தலைப்பு, அளவு, எதால் வரைந்தது, வருடம், பிரதி உண்டா, உண்டென்றால் எத்தனை, கடைசியில் ஒரு வரி: படம் உங்களுடையது, பதிப்புரிமை வரைந்தவருடையது.

அந்தக் கடைசி வரிதான் கனபேருக்கு விளங்காத இடம். காசு கொடுத்து வாங்கினால் எல்லாம் எனக்குத்தானே என்கிறார்கள். சுவரில் மாட்டலாம், கலியாணச் சீதனமாகக் கொடுக்கலாம், நாளைக்கு ஒருவருக்கு இரட்டை விலைக்கு விற்கலாம், எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அதைக் கலண்டராக அடிக்கவோ ரீசேர்ட்டில் போடவோ என்னைக் கேட்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. படம் கீறி முடிந்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியத் தேவையில்லை. வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் செத்து 70 வருடமும் அது இருக்கும். அந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. வரைந்தவர் தன் பெயரைப் போடும்படி கேட்பதும் அதே சட்டத்தில் இருக்கிற உரிமைதான். பேஸ்புக்கில் கிடந்தது, எடுத்தோம் என்பது ஒழுங்கையில் சைக்கிள் நின்றது, ஏறிப்போனோம் என்பது போலத்தான்.

பகிர்வதை நான் தடுக்கவில்லை, நானே பகிரச் சொல்லித்தான் போடுகிறேன். பெயரோடு பகிருங்கள், அவ்வளவுதான். மூலையில் கையெழுத்துப் போட்டால் வெட்டுகிறார்கள் என்று இப்போது படத்துக்குள்ளேயே ஒளித்து வைக்கிறேன், வேலிக் கதியால் தடியில் ஒரு கீறலாக, கிணற்றுக் கட்டில் ஒரு வெடிப்பாக. கண்டுபிடிக்கிற பிள்ளைகளுக்கு என் ரியூஷன் வகுப்பில் ரொபி கிடைக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது தனிக்கதை. இணையத்தில் காசு அனுப்புகிற பேபால், இலங்கையில் இருக்கிற எங்களைப் பல வருடமாகக் காசு அனுப்ப மட்டும் விட்டது, வாங்க விடவில்லை. அதனால் வாங்குகிறவரின் தம்பி இணுவிலில் இருப்பார், அவருடைய மச்சான் என் பாங்க் கணக்கில் போடுவார், நான் யாருக்கு ரசீது எழுதுவது என்று குழம்புவேன். பாதிக் காசு முற்பணம் வராமல் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றுவதில்லை, அதில் மட்டும் நான் கறார். கழற்றிச் சுருட்டும்போது பெயின்ற் பக்கம் வெளியே இருக்க வேண்டும், கனபேர் உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள், விரிக்கும்போது வெடிக்கிறது. மேலே பட்டர் பேப்பர், பிறகு ஹாட்வெயார் கடையில் வாங்கின 4 அங்குல பிவிசி குழாய், இரண்டு பக்கமும் மூடி. பபிள் கவரை நேரே படத்தில் சுற்றக்கூடாது, எங்கள் வெக்கைக்கு அந்தக் குமிழெல்லாம் அக்ரிலிக்கில் அச்சாக விழும், ஒரு படத்தை அப்படியே இழந்திருக்கிறேன். குழாயைக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் விடிய வெள்ளவத்தையில் ஆள் நிற்கும். அங்கிருந்து போகிறவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஒருமுறை ஒரு அன்ரி எயார்போட்டில் வைத்துக் கோல் எடுத்தார், நிறை கூடிவிட்டதாம், ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டுமாம். மிளகாய்த்தூளா, என் படமா என்று நின்று, மிளகாய்த்தூள் பிளேனில் போனது, படம் நின்றுவிட்டது. அந்தப் படம் இரண்டு மாதம் கழித்து வேறொருவரோடு போய்ச் சேர்ந்தது. அன்ரியில் எனக்குக் கோபம் இல்லை, அந்தத் தூளை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் 1993 இலிருந்து கலா பொல என்று ஒரு ஓவியச் சந்தை நடக்கிறது. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரில் இருக்கிற மன்றத்தார் தொடங்கியது. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வைத்த வீதியில், மர நிழலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரைந்தவர்களே நின்று விற்பார்கள். நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் இரண்டு படம் விற்றது, பஸ் காசு, சாப்பாட்டுக் காசு போக மிச்சம் இருந்தது. காசைவிட எனக்குப் புதுமையாக இருந்தது, சனம் எந்தக் கூச்சமும் இல்லாமல் 'எவ்வளவு' என்று கேட்டதுதான். மரக்கறி கேட்பதுபோல் கேட்டார்கள். வாங்காமல் போனவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

இங்கே கண்காட்சி நடக்கும்போது ரிப்பன் வெட்டுவோம், குத்துவிளக்கு ஏற்றுவோம், பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலம் பேசுவார். படத்தின் கீழே விலை எழுதினால் ஏதோ கோயிலுக்குள் கடை போட்டது மாதிரிப் பார்க்கிறார்கள். நான் மூன்று நாள் நடத்திய ஒரு கண்காட்சியில் வருகைப் புத்தகம் 11 பக்கம் நிறைந்தது, 'மிகவும் சிறப்பு, மேலும் வளர வாழ்த்துகள்', விற்றது ஒரே ஒரு படம், அதையும் வாங்கியது என் சித்தப்பா. முற்றவெளியில் தை மாதம் வர்த்தகக் கண்காட்சி நடக்கிறது, நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி முழுக்கக் கடை. தும்பு மிட்டாயும் பிளாஸ்ரிக் சாமானும் விற்கிற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொது நூலகத்துக்கும் கலாசார மையத்துக்கும் பக்கத்தில் இருக்கிற அந்தப் புல்லுக்குளத்துக் கரையில், பத்து ஓவியர் கயிறு கட்டிப் படம் தொங்கவிட்டால் என்ன வந்துவிடும்? மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒவ்வொரு படத்தின் கீழும் பேரும் விலையும் எழுதின ஒரு துண்டு இருந்தால் போதும். மாநகரசபைக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன், நீங்கள் போட்டால் அவர்கள் வாசிப்பார்கள்.

உங்களிடம் நேரே கேட்பது இரண்டுதான். இனிமேல் ஒரு ஓவியத்தை எடுத்தால் 'இணையம்' என்று போடாமல், அது யாருடையது என்று ஒருதரம் தேடுங்கள். கூகிளில் படத்தை வைத்துத் தேடினால் பல நேரம் இரண்டு நிமிடத்தில் ஆள் பிடிபடும், என்னைப் பிடித்திருக்கலாம். கேட்டுப் போடுங்கள், முடிந்தால் ஒரு சின்னத் தொகையும் கொடுங்கள், கவிதை எழுதியவருக்குக் கொடுக்கிற அளவு போதும் (அவருக்குக் கொடுத்தீர்கள்தானே?).

மற்றது, வருகிற ஞாயிறு இதழில் அந்தக் கிடுகு வேலியை இன்னொருதரம் போடுங்கள், கோழிக்கு வாலோடு. பெரிய ஃபைலை இந்தக் கடிதத்தோடு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், சாம்பல் நிறத்தை அச்சகத்தில் ஒருமுறை கவனிக்கச் சொல்லுங்கள். என் முழுப் பெயர் தனித்தாளில் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தின் கீழே போட வேண்டாம், விளம்பரத்துக்கு எழுதினாள் என்பார்கள். படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி